நிலமும் பொழுதும்: ஒரு நாள் மலையேற்றத் திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது நகரி மலைத்தொடர். சித்தூர் மாவட்டத்து விஜயபுரம், நகரி மண்டலங்களிலிருந்து திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் வரை விரியும் இந்த மலைப்பகுதி சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. உயரமும் ஆயிரம் மீட்டரை எட்டாது. விடியற்காலையில் புறப்பட்டு இரவு உணவுக்கு விடுதி திரும்பிவிடலாம் என்று தோன்றச் செய்யும் மலை இது. ஆகவேதான் பல்கலைக்கழக மாணவர் குழுக்களும், களப்பணிக்குச் செல்லும் துறைகளும், வார இறுதியில் ட்ரெக்கிங் செல்லும் இளைஞர்களும் இதைத் தேடி வருகின்றனர்.

அவ்வாறு வரும் குழுக்களின் ஆயத்தத்தில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கைபேசியில் வழித்தடம் இறக்கப்பட்டிருக்கும். காலணி, முதுகுப்பை, உணவுப் பொட்டலம் ஆகியவை குறித்து விரிவான பட்டியல் இருக்கும். பொறுப்புள்ள குழுவாயின் வனத்துறையின் அனுமதியும் பெறப்பட்டிருக்கும். ஆனால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இருந்தாலும், நடையை நிறுத்தித் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி பெரும்பாலான திட்டங்களில் இருப்பதில்லை. எங்கே போவது என்பது முடிவாகியிருக்கும்; எப்போது திரும்புவது என்பது மலையின் மேல் முடிவு செய்யப்படும். மலையேற்றத்தில் நேரும் துயரங்களுக்கு வழி திறப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியே. அனுமதிச் சீட்டு இதை அடைக்காது; முழுமையான தடையும் அடைக்காது.

தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்தது. குறிஞ்சிக்கு யாமமும், முல்லைக்கு மாலையும், பாலைக்கு நண்பகலும் சிறுபொழுதுகள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கொண்ட மரபில், அதைக் கடந்து செல்லும் வழியின் கடுமையை மாமூலனாரின் அகப்பாடல்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. இவை கவிதை மரபு சார்ந்த வகைப்பாடுகள். மலையேற்றக் கையேடுகள் அல்ல. எனினும் நிலத்தைப் பொழுதோடு சேர்த்துக் காணும் அந்தப் பார்வை, இன்றைய வழித்தட வரைபடங்களில் விடுபட்டிருக்கும் ஒன்றைச் சுட்டுகிறது. வரைபடம் நிலத்தைக் காட்டும், பொழுதைக் காட்டாது. டிசம்பரில் பசும்புல் மூடிய சரிவும், மார்ச் மாதத்தில் சருகாய் உலர்ந்து நிற்கும் அதே சரிவும் திரையில் ஒரே நிறத்தில்தான் தெரியும்.

இந்த வேறுபாட்டின் விலையைத் தமிழகம் 2018 மார்ச் 11 அன்று கண்டது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் பலர். அதன்பின் எழுந்த பொதுவிவாதம் ஏறத்தாழ முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது: அனுமதி இருந்ததா, இல்லையா? அது தேவையான கேள்விதான். ஆனால் முழுமையான அனுமதியோடு அதே நாளில், அதே நேரத்தில், அதே புல்வெளியில் ஒரு குழு நின்றிருந்தாலும் தீ அவர்களை விட்டுவைத்திருக்காது. தீ கேட்கும் கேள்வி வேறு: இந்த மாதத்தில், இந்தப் பிற்பகலில், இந்தச் சரிவில் ஏன் நிற்கிறீர்கள்?

புல்வெளித் தீயின் இயல்பைச் சற்று விளக்குவது அவசியம். காட்டைவிடப் புல்வெளி பாதுகாப்பானது என்ற எண்ணம் நகரவாசிகளிடம் பரவலாக உண்டு. பார்வைக்கு மறைப்பில்லை, விலங்கு வந்தால் தெரியும், வழி தவறாது என்பன அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். உலர்ந்த பருவத்தில் உண்மை இதற்கு நேர்மாறானது. மெல்லிய புல் மிக விரைவில் ஈரம் இழக்கும். ஒரே கணத்தில் பற்றும். தீ மேல்நோக்கிப் பரவும்போது ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது தீயியலில் பயன்படுத்தப்படும் ஒரு பொதுக்கணக்கு. அதன்படி 20 பாகைச் சரிவில் தீ சமநிலத்தைவிட நான்கு மடங்கு வேகம் கொள்ளும். மனிதரோ அதே சரிவில் ஏறும்போது வேகம் குறைவார். வெயில் ஏறிய பின் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசுவதும் இதனுடன் சேர்கிறது. கீழே தீ தெரிந்தால் மேலே ஓட வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்லும். உலர்ந்த புற்சரிவில் அந்த உள்ளுணர்வு கொல்லும். பக்கவாட்டில் விலகுவதும், புல்லற்ற பாறையையோ ஏற்கெனவே கருகிய நிலத்தையோ அடைவதும்தான் வாய்ப்புள்ள வழிகள். அவை எங்கே உள்ளன என்பதைப் புகையைக் கண்ட பிறகு தேட இயலாது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 1949 ஆகஸ்ட் 5 அன்று நிகழ்ந்த தீ இதற்கு உலகறிந்த சான்று. அங்கே இறந்த 13 பேரும் பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்கள். புற்சரிவில் தீ துரத்தியபோது குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் தம் முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்து தணிந்த சாம்பலில் படுத்து உயிர் பிழைத்தார். மற்றவர்களையும் அதற்குள் வருமாறு அழைத்தார், எவரும் வரவில்லை. ஓடியவர்களில் இருவர் மட்டுமே மலைமுகட்டின் அப்பால் சென்று தப்பினர். அமைப்பியல் ஆய்வாளர் கார்ல் வைக் 1993-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இந்நிகழ்வையே எடுத்துக்கொண்டு, ஒரு குழு தன் சூழலைப் புரிந்துகொள்ளும் திறனை எவ்வாறு ஒரே நொடியில் இழக்கிறது என்பதை ஆராய்ந்தது. மேலாண்மைத் துறைகளில் பாடமாக உள்ள அந்தக் கட்டுரை மலையேற்றக் குழுக்களுக்கும் பொருந்தும். தலைவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த திட்டம் நெருக்கடியில் திட்டமாகாது. முன்பே எல்லோரும் அறிந்து ஏற்றிராத கட்டளை, அந்தக் கணத்தில் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும்.

நகரி, நாகலாபுரம் மலைகளுக்கு வந்தால், ஆபத்துகளின் வரிசை பருவத்திற்கேற்ப மாறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் ஆபத்து நீர். இம்மலைகளின் உடல், நிலவியலாளர் நகரிக் குவார்ட்சைட்டு என்று பெயரிட்ட கடினப் பாறை. திருமலை மலைச்சாலையோரத்தில் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ள இடத்திலும் பழைய கருங்கல் பாறையின் மேல் படிந்து நிற்பது இதே பாறைதான். இது பெரும் கட்டிகளாகப் பிளந்து, செங்குத்தான விளிம்புகளையும் உருளைக்கற்கள் நிறைந்த ஓடைகளையும் உருவாக்குகிறது. மழை பெய்தால் நீரை உறிஞ்ச அதில் இடம் குறைவு. மேலே பெய்தது சிறிது நேரத்தில் ஓடையில் வந்து நிற்கும். இங்கே நடைபாதை பெரும்பாலும் ஓடையே என்பதால், நீர் உயர்ந்தால் பாதையே மறைந்துவிடும். 2021 நவம்பரில் திருப்பதியையும் சித்தூர்ப் பகுதியையும் மூழ்கடித்த பெருமழையை இப்பகுதியினர் எளிதில் மறக்க மாட்டார்கள். பிப்ரவரி பாதிக்குப் பின் ஆபத்து தீ. ஏப்ரல், மே மாதங்களில் ஆபத்து வெப்பம். அப்போது பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்கு வழக்கம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடினமான முழுநாள் நடைக்கு ஏற்ற காலம் டிசம்பர் பிற்பகுதி தொடங்கி ஜனவரி முடிய, ஏறத்தாழ ஆறு வாரங்கள். கல்லூரி விடுமுறை எப்போது வருகிறது என்பதை மலை பொருட்படுத்துவதில்லை.

மாதம் முடிவான பின் மணி. ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. சமநிலத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 14 கிலோமீட்டர் தொலைவும் 700 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு நடையை எடுத்துக்கொண்டால், இக்கணக்குப்படி ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் நெய்ஸ்மித் மனத்தில் கொண்டவர் நல்ல பாதையில் தனியே செல்லும் தேர்ந்த நடையாளர். முட்புதர், உருளைக்கல், இறங்கிக் கடக்க வேண்டிய நீர்மடுக்கள், பதினைந்து பேர் கொண்ட குழு ஆகியவை சேரும்போது அதை இரட்டிப்பாகக் கொள்வதே அறிவு: எட்டு மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி சேர்த்தால் ஒன்பதரை. டிசம்பர் பிற்பகுதியில் இங்கே சூரியன் உதிப்பது காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு. மறைவது மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. பள்ளத்தாக்கின் அடியில் இருள் இன்னும் முன்னதாகவே வரும். ஆறரைக்குத் தொடங்கினால் நான்கு மணிக்குத் திரும்பலாம். ஒருவருக்குக் கால் சுளுக்கினால் ஈடுகட்ட இரண்டு மணி நேரம்கூட மிச்சமில்லை. எட்டரைக்குத் தொடங்கினால் எதுவும் மிச்சமில்லை. ஆகவே நண்பகல் 12 மணி என்பது உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்பும் மணி. இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும். ஆனால் அதை நகரத்தில், முதல் நாளே போட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று போடும் கணக்கு எப்போதும் உச்சிக்குச் சாதகமாகவே முடியும்.

நீரின் கணக்கும் இதைப் போன்றதே. வெயிலில் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கொண்டாலும், ஒன்பது மணி நேரத்துக்கு நாலரை லிட்டர், அதாவது நாலரைக் கிலோ, தேவை. அதைச் சுமக்க மனமில்லாதவர் இடையில் ஓடையை நம்புவார். அந்த ஓடையில் அந்த மாதத்தில் நீர் இருக்குமா என்பதை அங்குள்ளோரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அங்குள்ளோர் என்னும்போது இம்மலைகளின் தனித்தன்மையையும் சொல்லியாக வேண்டும். 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு வரையப்பட்டது. மொழி அந்தக் கோட்டின்படி பிரியவில்லை. விஜயபுரம், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குவது இயல்பு. இதனால் தமிழகத்திலிருந்து வருபவர் தாம் வேறொரு மாநிலத்தின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறோம் என்பதையே மறந்துவிடுவதுண்டு. ஆந்திர வனச் சட்டம் 1967-இன் கீழ் அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். அதனினும் முக்கியமானது, இது உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரத்தின் நிலப்பகுதியை ஒட்டிய காடு என்பது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 மரம்வெட்டும் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. கைபேசியும் முதுகுப்பையும் கொண்ட மாணவருக்கு அந்த நிலை வராது என்று சொல்லப்படலாம். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியாயின், ஒரே காட்டில் ஒருவருக்கு இன்பமாகவும் மற்றொருவருக்கு மரணமாகவும் முடியும் நடைகளைப் பற்றிய உணர்வோடாவது அந்த மாணவர் அங்கே நடக்க வேண்டும். அனுமதி பெறுவதை அலுவலகத் தொந்தரவாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இருளர், யானாதி ஆகிய பழங்குடியினரும், ஆடுமாடு மேய்க்கும் குடும்பத்தினரும் இம்மலைகளின் பொழுதை அறிந்தவர்கள். எந்த மடு எந்த மாதத்தில் வற்றும், எந்தச் சரிவில் முதலில் புல் காயும் என்பது அவர்களுக்குத் தெரியும். வழிகாட்டியாக அவர்களை அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகியிருப்பது நல்லதே. ஆனால் அந்த உறவு எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்கூலிக்கு வரும் ஒருவர், நகரத்திலிருந்து காரில் வந்திறங்கிய படித்த கூட்டத்திடம் ‘இனி போகக் கூடாது’ என்று சொல்வது எளிதன்று. சொன்னால் கூலி குறையுமோ, அடுத்த முறை அழைக்க மாட்டார்களோ என்ற அச்சம் இருக்கும். அறிவு அவரிடமும் அதிகாரம் குழுவிடமும் இருக்கும் வரை அந்த அறிவு பயன்படாது. கூலி முழுவதையும் உச்சியோடு தொடர்புபடுத்தாமல் நாளுக்காக முன்பே பேசி முடிப்பதும், அவர் திரும்பச் சொன்னால் விவாதமின்றித் திரும்புவது என்று புறப்படும் முன் அவர் முன்னிலையிலேயே குழு அறிவிப்பதும் வெறும் மரியாதை அல்ல, பாதுகாப்பின் பகுதி.

குரங்கணிக்குப் பின் தமிழக அரசு மலையேற்ற வழித்தடங்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை 2018-இல் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. எளிது, நடுத்தரம், கடினம் என்ற பிரிவும், உள்ளூரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும், தீப்பருவத்தில் வழித்தடங்களை மூடும் நடைமுறையும் அதில் உள்ளன. இது வரவேற்கத்தக்கது, ஏனெனில் இங்கே முதன்முறையாக அனுமதிக்குள் பொழுதும் இடம்பெற்றுள்ளது. எனினும் தமிழகத்தின் விதி மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. எந்த விதியும் ஒரு குழுவின் அன்றைய காலைத் தாமதத்தையும், ஒருவருடைய காய்ச்சலையும், மேலே திரண்டிருக்கும் மேகத்தையும் அறியாது. அவற்றைக் குழுதான் அறியும்.

இதற்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழலாம். ஒன்று, இப்படிக் கணக்குப் போட்டு நடப்பதில் காட்டின் இன்பம் ஏது என்பது. கடல் நிலை அறிந்து படகை இறக்கும் மீனவர் கடலை ரசிக்காதவர் அல்லர் என்பதே இதற்கு விடை. திரும்பும் மணி முடிவாகிவிட்ட குழுவில் ஒவ்வொரு வளைவிலும் ‘இன்னும் போகலாமா’ என்ற தகராறு எழுவதில்லை. மனம் காட்டின் பக்கம் திரும்புகிறது. மற்றொன்று, இவ்வளவு ஆபத்து இருக்குமானால் மாணவரை அனுப்பாமலே இருந்துவிடலாமே என்பது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கல்வி நிறுவனங்கள் நாடும் எளிய வழி இது. ஆனால் தாவரவியலும் நிலவியலும் மானுடவியலும் வகுப்பறைக்குள் மட்டும் கற்கக்கூடியவை அல்ல. தடை விதிக்கப்பட்டால் துறைத்தலைவருக்குத் தெரிந்து சென்றவர்கள் தெரியாமல் செல்வார்கள், அவ்வளவே. அப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கேட்கக்கூட ஒருவர் இருக்க மாட்டார்.

துறைகள் செய்யக்கூடியது இதைவிட எளிது. களப்பயணத்துக்கோ மாணவர் மலையேற்றத்துக்கோ ஒப்புதல் கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும். இந்த மாதத்தில் அந்த மலையின் முதன்மை ஆபத்து எது. நடைக்கான நேரக் கணக்கு என்ன, திரும்பும் மணி எது. புகையோ வெள்ளமோ வந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒதுங்கும் இடம் எது. எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் ஊரில் இருக்கும் எவர், யாரை அழைப்பார். இந்த நான்கு கேள்விகளுக்கும் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தலைவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது என்பதை மான் கல்ச் காட்டுகிறது. விடை எழுத இயலாத குழு அந்த வாரம் புறப்படத் தகுதியற்றது. அடுத்த வாரம் செல்லட்டும்.

இதனுடன் ஒரு பழக்கமும் மாற வேண்டும். உச்சியில் எடுத்த படங்களே பகிரப்படுகின்றன. 12 மணிக்குத் திரும்பி வந்த குழுவின் கதையை எவரும் சொல்வதில்லை, அது தோல்வியாகக் கருதப்படுகிறது. நகரி மலையில் பாதி வழியில் மேகம் கண்டு திரும்பிய மாணவர் குழுவை, துறைக் கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் எழுந்து பாராட்டும் நாளில், அடுத்த குழுவின் இளைய உறுப்பினருக்கும் ‘திரும்பலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு வரும். மலை அடுத்த ஜனவரியிலும் அங்கேயே இருக்கும்.